தேடல் கிளஸ்டருக்குத் தரவு ஏற்றும் வழிகள்

தேடல் கிளஸ்டர் என்பது ஒரே தேடல் மென்பொருளை ஓட்டிக்கொண்டு, தரவைத் தங்களுக்குள் பங்கிட்டு வைத்திருக்கும் சர்வர்களின் கூட்டம். இணையக் கடையில் ‘பருத்திச் சேலை’ என்று தட்டியதும் சேலைகள் வரிசைகட்டி வருகின்றன. நள்ளிரவில் ஒரு வங்கிச் செயலி முடங்கினால், நூற்றுக்கணக்கான சர்வர்களின் பதிவுகளில் பிழை எங்கே தொடங்கியது என்பதைப் பொறியாளர் ஒரே சொல்லைத் தட்டிக் கண்டுபிடிக்கிறார். இத்தகைய வேலைகளுக்குப் பின்னால் இருப்பது தேடல் கிளஸ்டர்தான். பரவலாகப் புழங்குபவை எலாஸ்டிக்சர்ச், ஓப்பன்சர்ச், அப்பாச்சி சோலர் ஆகியவை. மூன்றுக்கும் அடித்தளம், டக் கட்டிங் 1999இல் எழுதிய லூசீன் என்ற ஜாவா நிரல் தொகுப்பு. அதன் மேல் ஷாய் பனோன் கட்டிய எலாஸ்டிக்சர்ச் 2010இல் வெளிவந்தது. 2021இல் அதன் உரிமம் மாற்றப்பட்டபோது, அமேசான் முன்னின்று பழைய உரிமத்தில் இருந்த பதிப்பிலிருந்து கிளை பிரித்ததே ஓப்பன்சர்ச். தரவை உள்வாங்கும் அடிப்படை முறை இந்த இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றே.

சாதாரணத் தரவுத்தளம், இந்த ஆவணத்தில் இன்னின்ன சொற்கள் உள்ளன என்று வைத்திருக்கும். தேடல் கிளஸ்டர் அதைப் புரட்டிப்போட்டு, இந்தச் சொல் இன்னின்ன ஆவணங்களில் வருகிறது என்று பட்டியல் போட்டு வைக்கிறது. நூலின் கடைசிப் பக்கங்களில் இருக்கும் சொல்லடைவு போல. பட்டியல் தயாராக இருப்பதால் தேடுவது சுலபம். தயாரிப்பதில்தான் செலவு. ஆவணம் உள்ளே வரும் நேரத்திலேயே அதன் உரை சொற்களாக உடைக்கப்படுகிறது, ஒவ்வொரு சொல்லும் அதற்குரிய பட்டியலில் சேர்கிறது. தேடும்போது கிடைக்கும் வேகத்துக்கான விலை, தரவு ஏற்றும்போதே கட்டப்பட்டுவிடுகிறது.

கிளஸ்டரில் இருப்பது பெரும்பாலும் நகல் என்பதும் நினைவில் இருக்க வேண்டும். பொருளின் விலை மைஎஸ்க்யூஎல்லிலோ போஸ்ட்கிரெஸிலோ இருக்கும். லாக் எனப்படும் பதிவு வரிகள் சர்வரின் கோப்புகளில் இருக்கும். கட்டுரைகள் ஒரு பதிப்பு மென்பொருளின் களஞ்சியத்தில் இருக்கும். ஆகவே ஏற்றும் முறையைத் தேர்வது என்றால், மூலத்துக்கும் நகலுக்கும் இடையே எவ்வளவு தாமதம் இருக்கலாம், வழியில் அறுந்தால் எங்கிருந்து தொடர்வது, எல்லாம் கெட்டால் மறுபடி முதலிலிருந்து ஏற்ற முடியுமா என்று முடிவு செய்வதே. கருவியின் பெயர் அதற்குப் பிறகு வரும் விஷயம்.

உள்ளே நடப்பது என்ன?

ஆவணங்களும் அவற்றின் சொல் பட்டியல்களும் அடங்கிய தொகுப்பே இன்டெக்ஸ். அது ஷார்டு எனப்படும் பல துண்டுகளாகப் பிரிந்து வெவ்வேறு சர்வர்களில் உட்கார்ந்திருக்கும். புதிய ஆவணம் வந்ததும் அதன் ஐடியை ஹாஷ் கணக்கில் போட்டு, எந்த ஷார்டுக்குப் போக வேண்டும் என்பதைக் கிளஸ்டர் முடிவு செய்கிறது. இந்தக் கணக்கில் ஷார்டுகளின் எண்ணிக்கையும் சேர்ந்திருப்பதால்தான், இன்டெக்ஸை உருவாக்கிய பின் அந்த எண்ணிக்கையை நினைத்தபடி மாற்ற முடிவதில்லை. முதன்மை ஷார்டு ஆவணத்தை எழுதி, ரெப்ளிகா எனப்படும் தன் நகல்களுக்கும் அனுப்புகிறது. ஒரு ரெப்ளிகா இருந்தால் அதே இன்டெக்ஸ் வேலை இரண்டு இடத்தில் நடக்கிறது.

எழுதிய ஆவணம் அந்தக் கணமே தேடலில் கிடைத்துவிடாது. அது முதலில் நினைவகத்தில் தங்குகிறது. மின்சாரம் போனாலும் இழக்காமலிருக்க, டிரான்ஸ்லாக் என்ற பதிவேட்டிலும் எழுதப்படுகிறது. பிறகு ரிஃப்ரெஷ் என்ற செயலில், நினைவகத்தில் சேர்ந்தவை ஒரு சிறு செக்மென்ட்டாக மாறித் தேடலுக்குக் கிடைக்கின்றன. இயல்பான அமைப்பில் இது விநாடிக்கு ஒரு முறை நடக்கும். செக்மென்ட் ஒருமுறை எழுதப்பட்டால் பிறகு மாறாது. ஆவணத்தில் ஓர் எழுத்தைத் திருத்தினாலும், பழைய ஆவணத்தின் மேல் ‘நீக்கப்பட்டது’ என்ற குறி விழும். புதியது முழுவதுமாக இன்னொரு செக்மென்ட்டில் எழுதப்படும். சிறு செக்மென்ட்டுகள் குவியக் குவிய, பின்னணியில் அவற்றை ஒன்றிணைக்கும் வேலையும் ஓடிக்கொண்டே இருக்கும். நீக்கப்பட்டவை வட்டிலிருந்து உண்மையில் வெளியேறுவது அப்போதுதான்.

ஆக, 1,000 பொருள்களின் விலையை மட்டும் மாற்றுவதும், 1,000 பொருள்களைப் புதிதாகச் சேர்ப்பதும் கிளஸ்டருக்குக் கிட்டத்தட்ட ஒரே சுமை. ஆவணங்களைச் சில்லறையாகத் தராமல் சேர்த்துத் தந்தால் இந்த இயந்திரம் நன்றாக ஓடும். எல்லா முறைகளின் வேகமும் இதைச் சார்ந்தே இருக்கிறது.

முதலில் கேட்க வேண்டிய 4 கேள்விகள்

முதல் கேள்வி, மூலம் எங்கே இருக்கிறது என்பது. கோப்பா, தரவுத்தளமா, செய்தி வரிசையா, ஏற்கெனவே இருக்கும் இன்னொரு இன்டெக்ஸா என்பதைப் பொறுத்துப் பாதி வழிகள் தாமாகவே உதிர்ந்துவிடும்.

இரண்டாவது, தரவு மாறுமா, சேர மட்டும் செய்யுமா என்பது. லாக் வரியை யாரும் திருத்துவதில்லை. அது மேலும் மேலும் வந்து குவியும். பொருள் பட்டியலில் விலை மாறும், சரக்கு தீரும், பொருளே நீக்கப்படும். திருத்தமும் நீக்கமும் உள்ள தரவுக்கு, ஒவ்வொரு ஆவணத்துக்கும் மாறாத ஐடி ஒன்று கட்டாயம் வேண்டும்.

மூன்றாவது, தாமதம். பாதுகாப்பு எச்சரிக்கை சில விநாடிகளில் தேடலுக்கு வந்தாக வேண்டும். நூலகப் பட்டியலில் புதிய நூல் மறுநாள் காலை வந்தாலும் குடி முழுகாது. விநாடிக் கணக்கில் தாமதத்தைக் குறைக்கும் ஏற்பாட்டைப் பராமரிக்க ஆளும் பணமும் வேண்டும். தேவையில்லாத இடத்தில் அது வீண்.

நான்காவது, வழியில் தரவை மாற்ற வேண்டுமா என்பது. தேதி வடிவத்தைச் சீராக்குவது, ஒரு நீண்ட வரியைப் புலங்களாகப் பிரிப்பது, ஐபி முகவரியிலிருந்து ஊரைக் கண்டறிவது போன்ற வேலைகள் எங்கே நடக்க வேண்டும் என்பதும் தேர்வின் ஒரு பகுதி.

சில்லறையாகவும் மொத்தமாகவும்

மிக எளிய வழி, ஆவணத்தை ஜேசன் வடிவில் எழுதி, எச்டிடிபி கோரிக்கையாக ஒன்றொன்றாக அனுப்புவது. சோதித்துப் பார்க்கவும், நாளுக்குச் சில நூறு ஆவணங்கள் மட்டும் வரும் சிறு தளங்களுக்கும் இது போதும். எண்ணிக்கை ஏறினால் தாங்காது. ஒரு கோரிக்கைக்கு 5 மில்லிவிநாடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், 10 லட்சம் ஆவணங்களை வரிசையாக அனுப்ப 5,000 விநாடி, அதாவது சுமார் 83 நிமிடம் ஆகும். அந்த நேரத்தின் பெரும்பகுதி போக்குவரத்திலேயே கழியும்.

இதற்குத் தீர்வு பல்க் ஏபிஐ. இனி வரும் பெரும்பாலான கருவிகள் கடைசியில் அழைப்பது இதைத்தான். இதன் வடிவம் கொஞ்சம் விசித்திரமானது. ஒவ்வோர் ஆவணத்துக்கும் இரண்டு வரி. முதல் வரியில் கட்டளை இருக்கும்: எந்த இன்டெக்ஸ், எந்த ஐடி, சேர்ப்பதா திருத்துவதா நீக்குவதா என்று. இரண்டாம் வரியில் ஆவணம் முழுவதும், நடுவே வரி உடையாமல் இருக்கும். நீக்கும் கட்டளைக்கு இரண்டாம் வரி கிடையாது. கடைசி வரிக்குப் பின்னும் ஒரு வரிமுறிவு இருந்தே ஆக வேண்டும். விட்டுப்போனால் கிளஸ்டர் கோரிக்கையை ஏற்காது. இந்த வடிவத்துக்குக் காரணம் உண்டு. கோரிக்கையை வாங்கும் சர்வர் கட்டளை வரிகளை மட்டும் படித்து, ஆவண வரிகளைப் பிரித்துப் பார்க்காமலே உரிய ஷார்டுக்குத் தள்ளிவிடலாம்.

ஓர் ஆவணம் 2 கேபி என்றால், 10 எம்பி அளவுள்ள ஒரு பல்க் கோரிக்கையில் சுமார் 5,000 ஆவணங்கள் அடங்கும். 10 லட்சம் கோரிக்கைகள் 200 ஆகக் குறைந்துவிடும். ஆனால் கட்டு பெரிதாகப் பெரிதாக நல்லது என்றும் இல்லை. இயல்பான அமைப்பில் ஒரு கோரிக்கையின் உச்சவரம்பு 100 எம்பி. அதற்கு வெகு முன்பே, பல கட்டுகள் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தால் சர்வரின் நினைவகம் திணறத் தொடங்கும். எலாஸ்டிக் நிறுவனத்தின் கையேடு சொல்லும் வழி எளியது: 100 ஆவணங்களில் தொடங்கி, 200, 400 என இரட்டித்துக்கொண்டே போய், வேகம் ஏறாமல் நிற்கும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும்.

பல்க் கோரிக்கையில் பலர் இடறும் இடம் பதிலில் இருக்கிறது. 5,000 ஆவணங்களில் 40 தோற்றுப்போனாலும், கோரிக்கைக்கு மொத்தத்தில் ‘200, வெற்றி’ என்ற பதிலே வரும். பதிலின் உள்ளே பிழை உண்டா என்று காட்டும் ஒரு குறியும், ஒவ்வோர் ஆவணத்துக்கும் தனித்தனி நிலை எண்ணும் இருக்கும். அவற்றைப் படிக்காத நிரல், ஆவணங்களைச் சத்தமில்லாமல் தொலைத்துக்கொண்டே இருக்கும். நிலை எண் 429 என்றால் கிளஸ்டருக்கு மூச்சு முட்டுகிறது என்று பொருள். சற்றுப் பொறுத்து, ஒவ்வொரு முறையும் காத்திருப்பை நீட்டி, மறுபடி அனுப்ப வேண்டும். 400 என்றால் ஆவணத்திலேயே கோளாறு. எண் இருக்க வேண்டிய புலத்தில் ‘இல்லை’ என்ற சொல் வந்திருக்கலாம். அதை நூறு முறை அனுப்பினாலும் போகாது. தனியே எடுத்துவைத்து மனிதர் யாராவது பார்க்க வேண்டும். பைத்தான், ஜாவா முதலிய மொழிகளுக்கான அதிகாரபூர்வ நிரல் தொகுப்புகளில் கட்டுப் போடுவதற்கான உதவிகள் உள்ளன. மறுமுயற்சியைச் செய்யவும் அவற்றில் வசதி உண்டு. புதிதாக ஏற்றும் நிரல் எழுதுபவர் இவற்றை விட்டுவிட்டுச் சொந்தமாகக் கட்டுப் போடத் தேவையில்லை.

ஐடியை யார் கொடுப்பது என்பதும் இங்கேயே முடிவாக வேண்டும். கிளஸ்டரே ஐடி போட்டுக்கொள்ளும்படி விட்டால், அந்த ஐடி ஏற்கெனவே இருக்கிறதா என்று தேட வேண்டியதில்லை, வேகம் கூடும். ஆனால் ஏற்றம் நடுவில் அறுந்து மறுபடி ஓட்டினால், ஒரே ஆவணம் இரண்டாக நிற்கும். மூலத்தின் எண்ணையே ஐடியாகக் கொடுத்தால் வேகம் கொஞ்சம் குறையும். பத்து முறை ஓட்டினாலும் விடை ஒன்றே வரும்.

முதல் ஏற்றத்துக்கான தயாரிப்பு

காலி இன்டெக்ஸில் மொத்தத் தரவையும் முதன்முறை நிரப்பும்போது சில அமைப்புகளைத் தற்காலிகமாக மாற்றுவது வழக்கம். ரெப்ளிகா எண்ணிக்கையைச் சுழியமாக்கினால் இரட்டை வேலை நிற்கும். ரிஃப்ரெஷ் இடைவெளியை -1 என்று வைத்தால், விநாடிக்கு ஒரு செக்மென்ட் பிறப்பது நிற்கும். ஏற்றி முடித்ததும் இரண்டையும் பழையபடி திருப்ப வேண்டும். ரெப்ளிகா இல்லாத நேரத்தில் ஒரு வட்டு செத்தால் அந்த ஷார்டு போய்விடும். மூலம் கையில் இருக்கும்வரை மட்டுமே இது ஏற்கத்தக்க ஆபத்து.

இதைவிட முக்கியம் மேப்பிங். ஒவ்வொரு புலமும் உரையா, எண்ணா, தேதியா என்று சொல்லும் அட்டவணை அது. யாரும் சொல்லாவிட்டால், முதலில் வரும் மதிப்பைப் பார்த்துக் கிளஸ்டரே ஊகித்துக்கொள்ளும். சரக்கின் எடை முதல் ஆவணத்தில் 12 என்று இருந்தால் முழு எண் என்று முடிவு கட்டிவிடும், அடுத்து 12.5 வந்தால் பின்னப் பகுதியை வெட்டிவிட்டே இன்டெக்ஸில் சேர்க்கும். ஒரு புலத்தின் வகை முடிவான பின் அதே இன்டெக்ஸில் அதை மாற்ற வழியில்லை. புது இன்டெக்ஸ் உருவாக்கி, மறுபடி ஏற்ற வேண்டும். மேப்பிங்கை முன்கூட்டியே எழுதிவைப்பதற்குச் செலவாகும் ஒரு மணி நேரம், பின்னால் பல நாள் வேலையை மிச்சப்படுத்தும்.

லாக் வரிகளுக்கான வழி

லாக் தரவு ஓயாமல் வரும், திருத்தம் இருக்காது, எல்லாச் சர்வர்களிலும் சிதறிக் கிடக்கும். இதற்கென்று தனிக் கருவிக் குடும்பமே உண்டு. ஒவ்வொரு சர்வரிலும் ஃபைல்பீட், ஃபுளூவென்ட் பிட் போன்ற சிறு நிரல் ஒன்று உட்கார்ந்து, கோப்பின் வால்பகுதியில் சேரும் புது வரிகளைப் படித்து அனுப்பும். எந்தக் கோப்பில் எந்த இடம்வரை அனுப்பியாயிற்று என்று குறித்து வைத்துக்கொள்வதால், கிளஸ்டர் சற்று நேரம் படுத்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். அனுப்பிய வரிக்கு ஒப்புகை வராவிட்டால் மறுபடி அனுப்பும் என்பதால், அரிதாக ஒரே வரி இருமுறை பதிவாகலாம். லாக் தேடலில் இது பெரும்பாலும் பிரச்சினையாவதில்லை.

வரியைப் பிரித்துப் புலங்களாக்கும் வேலையைக் கிளஸ்டருக்குள்ளேயே செய்ய இன்ஜெஸ்ட் பைப்லைன் உண்டு. எலாஸ்டிக்சர்ச்சில் இது 2016இல் வந்த 5.0 பதிப்பிலிருந்து இருக்கிறது. தேதியைப் படிப்பது, புலத்தின் பெயரை மாற்றுவது, ஐபியிலிருந்து இடத்தைக் கண்டறிவது ஆகியவற்றுக்கு இது போதும். கூடுதல் சர்வர் வேண்டாம் என்பது இதன் வசதி; தேடலுக்கான கணினித் திறனையே இதுவும் தின்னும் என்பது குறை. வேலை கனமானால் இடையில் லாக்ஸ்டாஷ் என்ற கருவியை வைப்பார்கள். உள்ளீடு, வடிகட்டல், வெளியீடு என மூன்று கட்டங்களாக ஓடும் இது, பல மூலங்களிலிருந்து வாங்கிப் பல இடங்களுக்கு அனுப்பும். வட்டில் வரிசை பிடித்து வைக்கவும், கிளஸ்டர் ஏற்க மறுத்த ஆவணங்களைத் தனிக் கிடங்கில் போட்டு வைக்கவும் இதற்குத் தெரியும். அதற்கு ஈடாக ஜாவா இயந்திரத்தை ஓட்டும் நினைவகமும், அதைக் கவனிக்க ஆளும் வேண்டும். ஓப்பன்சர்ச் பக்கத்தில் இதே இடத்தை டேட்டா பிரெப்பர் பிடிக்கிறது. 2021 பிரிவுக்குப் பின் வந்த, ஃபைல்பீட் அடங்கிய பீட்ஸ் குடும்பத்தின் பதிப்புகள் எதிர்முனையில் இருப்பது எலாஸ்டிக்சர்ச்தானா என்று சோதிப்பதால், ஓப்பன்சர்ச் வைத்திருப்பவர்கள் ஃபுளூவென்ட் பிட் போன்ற பொதுக் கருவிகளின் பக்கம் போவது தொல்லையைக் குறைக்கும்.

தரவுத்தளத்தைப் பின்தொடர்வது

பொருள், பயனர், கட்டுரை எனத் தரவுத்தளத்தில் மூலம் இருக்கும்போது, முதலில் தோன்றும் யோசனை ஒன்று உண்டு: செயலியே தரவுத்தளத்தில் ஒரு முறையும் கிளஸ்டரில் ஒரு முறையும் எழுதிவிடட்டும். பார்க்க எளியது. ஆனால் முதல் எழுத்து வெற்றி பெற்று இரண்டாவது தோற்றால் இரண்டும் வேறுபட்டு நிற்கும்; அது யாருக்கும் தெரியவராது. ஒரே பொருளை இருவர் அடுத்தடுத்துத் திருத்தினால், தரவுத்தளத்தில் ஒரு வரிசையிலும் கிளஸ்டரில் வேறு வரிசையிலும் போய்ச் சேரலாம். கடையின் பக்கத்தில் 500 ரூபாய், தேடலில் 450 ரூபாய் என்று வாடிக்கையாளர் காணும் முரண்பாடு பெரும்பாலும் இப்படிப் பிறந்ததுதான்.

அடுத்த வழி, குறிப்பிட்ட இடைவெளியில் தரவுத்தளத்தைக் கேட்பது. ‘சென்ற முறைக்குப் பின் திருத்தப்பட்ட வரிசைகளைக் கொடு’ என்று 5 நிமிடத்துக்கு ஒரு முறை கேட்டு, வந்ததை மூல எண்ணையே ஐடியாக வைத்துப் பல்க்கில் அனுப்பினால் போதும். திருத்திய நேரம் காட்டும் நெடுவரிசை இருந்தால் லாக்ஸ்டாஷின் ஜேடிபிசி உள்ளீடு இதைச் செய்துவிடும். சிறிய, நடுத்தர நிறுவனங்களுக்கு இது பெரும்பாலும் போதுமானது. இதன் ஓட்டை நீக்கத்தில் இருக்கிறது. தரவுத்தளத்திலிருந்து அழிக்கப்பட்ட வரிசை அடுத்த கேள்விக்கு விடையாக வராது. தேடலில் மட்டும் பேயாக நிற்கும். வரிசையை அழிக்காமல் ‘நீக்கப்பட்டது’ என்று குறியிட்டு வைப்பது இதற்கு நடைமுறைத் தீர்வு.

மூன்றாவது வழி, தரவுத்தளத்தின் மாற்றப் பதிவேட்டையே படிப்பது. மைஎஸ்க்யூஎல்லில் பின்லாக், போஸ்ட்கிரெஸில் வால் என்ற பதிவேட்டில் ஒவ்வொரு சேர்ப்பும் திருத்தமும் நீக்கமும் நடந்த வரிசையிலேயே பதிவாகும். டெபீசியம் போன்ற கருவி அதைப் படித்து, காஃப்கா என்ற செய்தி வரிசையில் போடும். அங்கிருந்து இணைப்பி ஒன்று கிளஸ்டருக்கு எடுத்துச் செல்லும். நீக்கம் தவறாது, தரவுத்தளத்துக்குத் தொடர் கேள்விகளின் சுமை இல்லை, தாமதமும் குறைவு. கிளஸ்டர் ஒரு மணி நேரம் நின்றாலும் மாற்றங்கள் காஃப்காவில் காத்திருக்கும். ஆவணத்தோடு மூலத்தின் பதிப்பு எண்ணையும் அனுப்பினால், தாமதமாக வந்த பழைய மாற்றத்தைக் கிளஸ்டர் 409 என்ற எண்ணோடு நிராகரித்துவிடும். புதியதைப் பழையது அழிக்காது. ஆனால் பராமரிக்க வேண்டிய அமைப்புகள் ஒன்றிலிருந்து நான்காகின்றன. பல அட்டவணைகளைச் சேர்த்து ஓர் ஆவணம் ஆக்க வேண்டியிருந்தால், அந்தச் சேர்க்கையைச் செய்ய இன்னொரு நிரலும் வேண்டும்.

இன்டெக்ஸிலிருந்து இன்டெக்ஸுக்கு

மேப்பிங்கையோ சொல் உடைக்கும் விதியையோ மாற்றினால், தரவு ஏற்கெனவே கிளஸ்டரில் இருக்கிறது. அதைப் புது இன்டெக்ஸுக்குப் பெயர்க்க வேண்டும், அவ்வளவே. ரீஇன்டெக்ஸ் ஏபிஐ அதற்குத்தான். பழைய இன்டெக்ஸில் சேமித்திருக்கும் மூல ஆவணங்களைப் படித்து, புதிய விதிப்படி எழுதும். மூல ஆவணத்தைச் சேமிக்க வேண்டாம் என்று முன்பே அணைத்துவைத்தவர்களுக்கு இந்த வழி அடைபட்டுவிடும்.

இந்த வேலை நடக்கும்போது பயனர்களின் தேடல் நிற்கக் கூடாது. அதற்காகச் செயலிகள் இன்டெக்ஸின் உண்மைப் பெயரை அழைக்காமல், ஒரு மாற்றுப்பெயரை அழைக்கும்படி முதல் நாளிலிருந்தே பழக்க வேண்டும். புது இன்டெக்ஸ் நிரம்பியதும் மாற்றுப்பெயரை அதற்குத் திருப்பினால், மாற்றம் ஒரே கணத்தில் முடியும். பெயர்ப்பு நடந்துகொண்டிருந்த நேரத்தில் வந்த திருத்தங்களை மட்டும் மறுபடி அனுப்ப வேண்டும்.

ஒரு கிளஸ்டரிலிருந்து இன்னொன்றுக்கு அப்படியே போவதானால் ஸ்னாப்ஷாட் வேகமான வழி. செக்மென்ட் கோப்புகளை அப்படியே நகலெடுப்பதால் சொற்களை மறுபடி உடைக்கும் வேலை இல்லை. அதே காரணத்தால் மேப்பிங்கையும் மாற்ற முடியாது. மிகப் பழைய பதிப்பின் இன்டெக்ஸைப் புதிய பதிப்பில் அப்படியே திறக்கவும் முடியாது. எலாஸ்டிக்சர்ச் 8, பதிப்பு 7இல் உருவான இன்டெக்ஸ்களைப் படிக்கும், 6இல் உருவானவற்றில் எழுத விடாது.

தமிழ் உரையை ஏற்றும்போது

தமிழ் உரைக்கு ஏற்றும் கட்டத்தில் தனிக் கவனம் வேண்டும். ‘கொ’ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றாக, அல்லது ககரத்தோடு எகரக் குறியும் காலும் தனித்தனியாக. திரையில் இரண்டும் ஒன்றே. கிளஸ்டருக்கு இரண்டும் வெவ்வேறு சொல். ஒரு விதமாகச் சேமித்த ‘கொடி’யை இன்னொரு விதமாகத் தட்டித் தேடினால் விடை வராது. யூனிகோடு சீராக்கம் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடும். இதற்கான ஐசியு செருகியைக் கிளஸ்டரில் தனியே நிறுவி, சொல் உடைக்கும் விதியில் சேர்ப்பதே சிறந்தது. ஆவணத்துக்கும் தேடுபவர் தட்டும் சொல்லுக்கும் ஒரே விதி ஓடும். ஆனால் ‘கௌ’வில் ஔகாரக் குறிக்குப் பதில் எகரக் குறியும் ளகரமும் தட்டப்பட்டிருந்தாலோ, ‘ஸ்ரீ’ இருவேறு எழுத்துத் தொடர்களாக இருந்தாலோ சீராக்கம் உதவாது. அவற்றுக்குத் தனி மாற்றுப் பட்டியல் எழுத வேண்டும்.

பாமினி, டிஸ்கி, டாப் முதலிய பழைய குறிமுறைகளில் தட்டிய கோப்புகளின் நிலை வேறு. அவற்றில் பல தமிழ் எழுத்துகள், கணினியின் பார்வையில் ஆங்கில எழுத்தாகவோ குறியாகவோ நிற்கும். இவற்றைக் கிளஸ்டருக்குள் திருத்த முயல்வது வீண். ஏற்றும் முன்பே யூனிகோடுக்கு மாற்றி, சில பக்கங்களைக் கண்ணால் படித்துச் சரிபார்த்த பின்பே அனுப்ப வேண்டும்.

விக்கிமீடியாவில் எப்படி?

ஒரே நிறுவனத்தில் பல முறைகள் ஒன்றாக ஓடுவதற்கு நல்ல உதாரணம் விக்கிமீடியா அறக்கட்டளை. தமிழ் விக்கிப்பீடியா உட்பட எல்லா மொழி விக்கிகளின் தேடலையும் சிரஸ்சர்ச் என்ற நீட்சி பார்த்துக்கொள்கிறது. அதன் வழியே 2013, 2014 காலத்தில் விக்கித் தேடல் எலாஸ்டிக்சர்ச்சுக்கு மாறியது.

ஒருவர் கட்டுரையைத் திருத்திச் சேமித்ததும், தேடலைப் புதுப்பிக்கும் வேலை பின்னணி வரிசையில் சேர்ந்தது. சேமித்தவர் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு வார்ப்புருவைத் திருத்தினால், அதைப் பயன்படுத்தும் ஆயிரக்கணக்கான பக்கங்களும் மாறும். அந்தப் பக்கங்கள் ஒரே நேரத்தில் வரிசையை அடைத்துவிட்டால், நேரடியாகத் திருத்திய கட்டுரைகள் பின்னால் சிக்கிக்கொள்ளும். அதனால் நேரடித் திருத்தங்களுக்கு முன்னுரிமை வரிசை, வார்ப்புருவின் விளைவுகளுக்கு மெதுவான வரிசை எனப் பிரித்து வைத்தார்கள். பக்கம் எத்தனை முறை பார்க்கப்படுகிறது என்ற கணக்கு வேறு வகை. அது உடனுக்குடன் தேவையில்லை. அதை வேறிடத்தில் கூட்டிக் கணக்கிட்டு, மொத்தமாகப் பல்க்கில் ஏற்றுகிறார்கள். சொல் உடைக்கும் விதி மாறும்போது, பெயரின் வாலில் நேர எண் ஒட்டிய புது இன்டெக்ஸை உருவாக்கி, ரீஇன்டெக்ஸ் செய்து, மாற்றுப்பெயரைத் திருப்புகிறார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் சில திருத்தங்கள் நழுவும் என்று அவர்கள் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். அதனால் தரவுத்தளத்தையும் இன்டெக்ஸையும் பக்கம் பக்கமாக ஒப்பிட்டு, விட்டுப்போனவற்றைச் சேர்த்து, செத்தவற்றை நீக்கும் நிரல் ஒன்று ஓய்வின்றிச் சுற்றிவருகிறது. தேடல் இன்டெக்ஸின் உள்ளடக்கத்தைப் பல்க் வடிவிலேயே பொதுக் கோப்புகளாக விக்கிமீடியா வெளியிடுவதும் உண்டு. தமிழ் விக்கிப்பீடியாவின் கோப்பை இறக்கி, அவிழ்த்து, கட்டுகளாகப் பிரித்து அனுப்பினால், சொந்தக் கணினியிலேயே ஏற்ற முறைகளைச் சோதித்துப் பார்க்கலாம்.

எந்தச் சூழலுக்கு எது?

ஒரே முறை ஏற்றி, அரிதாக மாறும் தொகுப்புக்குப் பல்க் ஏபிஐயும் ஒரு சிறு நிரலும் போதும். மாறும்போதெல்லாம் புது இன்டெக்ஸ் கட்டி மாற்றுப்பெயரைத் திருப்பிவிடலாம். நாள்தோறும் இரவில் முழுவதும் மறுபடி ஏற்ற முடிகிற அளவுள்ள தரவுக்கும் இதுவே சிறந்த வழி. நீக்கங்களைத் துரத்தும் தொல்லை இதில் இல்லை. லாக் போன்ற ஓயாத வரவுக்கு ஒவ்வொரு சர்வரிலும் சிறு அனுப்பியும் இன்ஜெஸ்ட் பைப்லைனும் போதும். பல மூலங்களும் கனமான மாற்றங்களும் இருந்தால் மட்டும் லாக்ஸ்டாஷோ டேட்டா பிரெப்பரோ வேண்டும். தரவுத்தள மூலத்துக்கு, சில நிமிடத் தாமதம் பரவாயில்லை என்றால் நேர நெடுவரிசையைக் கேட்கும் முறையில் தொடங்கலாம். நீக்கம் தவறக் கூடாது, விநாடிகளில் வந்தாக வேண்டும், ஒரே மாற்றத்தைப் பல அமைப்புகள் படிக்க வேண்டும் என்ற தேவைகள் கூடும்போது மாற்றப் பதிவேட்டுக்கும் காஃப்காவுக்கும் போகலாம்.

எந்த வழியானாலும் தொடங்கும் முன் மூன்று சோதனைகளைச் செய்து பார்ப்பது நல்லது. ஏற்றத்தை நடுவில் நிறுத்தி, மறுபடி ஓட்டி, எண்ணிக்கை இரட்டிக்கிறதா என்று பார்க்க வேண்டும். வேண்டுமென்றே கெட்ட ஆவணம் ஒன்றைக் கலந்து, அது எங்கே போய் நிற்கிறது என்று தேட வேண்டும். கடைசியாக, இன்டெக்ஸை முற்றிலும் அழித்துவிட்டு, மூலத்திலிருந்து மறுபடி கட்ட எத்தனை மணி நேரம் ஆகிறது என்று அளக்க வேண்டும். அந்த நேரத்தை நிறுவனம் தாங்குமானால் எளிய முறையிலேயே நிற்கலாம். தாங்காவிட்டால் ஸ்னாப்ஷாட்டும் காத்திருப்பு வரிசையும் இருக்கும் முறைக்கு மாற வேண்டும்.